புதுப்பிப்பு: முன்பணம் கேட்கலாமா என்று கேட்டிருந்தேன், கேட்டுவிட்டேன்

படிப்பு முடியும் முன்பே இணையதளம் வடிவமைத்துக் கொடுக்கும் தொழிலில் தனியாக இறங்கலாமா, முதல் வாடிக்கையாளரிடம் முன்பணம் கேட்டால் விலகிவிடுவாரோ என்று மூன்று மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். தயங்காமல் கேள், எழுத்தில் வாங்கு என்றீர்கள். கேட்டேன். பாதித் தொகையை அன்றே தந்துவிட்டார்.

ஆனால் எத்தனை முறை திருத்தித் தருவேன் என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டது என் தவறு. முகப்புப் பக்கத்தின் நிறம் மட்டும் பதினோரு முறை மாறியது. கடைசியில் வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து வேண்டும் என்றார். வாதாடவில்லை. அவருடைய கைப்பேசியிலேயே பக்கத்தைத் திறந்து, வெயிலில் நின்று படிக்கச் சொன்னேன். தன் தொலைபேசி எண்ணையே அவரால் படிக்க முடியவில்லை. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு மாறுபாடு வேண்டும் என்கிற, இணையப் பக்கங்களை எல்லோரும் படிக்கும்படி அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி என்ற சர்வதேச வழிகாட்டுதலை அதன் பிறகுதான் எடுத்துச் சொன்னேன். உடனே ஒப்புக்கொண்டார். அந்த நிமிடத்தில்தான் இது எனக்கான தொழில் என்று உறுதியாகத் தோன்றியது.

தளத்தின் முகவரியான டொமைன் பெயரை என் கணக்கில் பதிவு செய்ய இருந்தேன். உங்களில் ஒருவர் தடுத்தீர்கள், மனமார்ந்த நன்றி. அது இப்போது அவர் பெயரிலேயே, அவருடைய மின்னஞ்சலிலேயே இருக்கிறது. நாளை நான் விலகினாலும் தளம் அவர் கையைவிட்டுப் போகாது.

மீதித் தொகை வந்த பிறகே தளத்தை ஏற்றினேன். அவர் சொல்லி இன்னொருவர் நேற்று அழைத்தார். புதிய ஒப்பந்தத்தில் "இரண்டு சுற்றுத் திருத்தம், அதற்கு மேல் மணிக்கணக்கில் கட்டணம்" என்ற வரியைச் சேர்த்துவிட்டேன்.