எல்ம் வில்லின் வயிற்றில் குறுக்குக் கோடுகள்: காப்பாற்ற முடியுமா?

கேள்வி:
எல்லோருக்கும் வணக்கம். டென்மார்க்கில் இருக்கிறேன். ஹேடெபி (வைக்கிங் கால வணிக ஊர், இன்று ஜெர்மனியில்) துறைமுகத்தில் கிடைத்த வைக்கிங் கால வில்லைப் பார்த்து ஒரு நெடுவில் செய்துகொண்டிருக்கிறேன். நல்ல யூ மரம் கிடைக்கவில்லை, அதனால் எல்ம் மரம். நீளம் 190 செ.மீ., கைப்பிடி அருகே அகலம் 35 மி.மீ., முதுகு (இலக்கைப் பார்க்கும் பக்கம்) தட்டை, வயிறு (நாண் பக்கம், எய்பவரைப் பார்ப்பது) நல்ல உருண்டை. 28 அங்குலம் இழுக்கும்போது இழுவிசை 110 பவுண்டு வரவேண்டும் என்று ஆசை.

டில்லரிங் (வில் சீராக வளையும்படி கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி இழுத்துப் பார்ப்பது) செய்யும்போது 23 அங்குலத்தில் தராசு 85 காட்டியது. நாணைக் கழற்றினால் வில் நேராவதில்லை, நுனிகள் 2 அங்குலத்துக்கு மேல் நாண் பக்கமே வளைந்து நிற்கின்றன. கீழ்ப்பாதியில், கைப்பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, வயிற்றில் மெல்லிய குறுக்குக் கோடுகள். நகத்தால் வருடினால் தட்டுப்படுகிறது. முதுகில் ஒன்றுமில்லை. கோடுகளில் பசை விட்டு, முதுகில் லினன் துணி ஒட்டினால் சரியாகுமா?

பதில் 1:
லினன் ஒட்டுங்கள். எல்ம் முறுக்கு நார் மரம், கோடாரிக்கே லேசில் பிளக்காது. துணியும் இருந்தால் உடையாது.

பதில் 2:
துணி வேண்டாம் தம்பி. உடையப் போவது முதுகு இல்லை. இழுக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு நசுங்குகிறது. எல்ம் முதுகு இழுப்பை நன்றாகவே தாங்கும், வயிறுதான் பலவீனம். நீங்கள் பார்ப்பது கிரிசல், நசுங்கி மடிந்த நார். முதுகை இன்னும் பலப்படுத்தினால் வயிற்றின் பாடு மோசமாகும். பசையும் உள்ளே போய் மடிந்த நாரை நிமிர்த்தாது.

காரணம் வடிவத்தில் இருக்கிறது. ஹேடெபியில் முழுசாகக் கிடைத்த வில் யூ. அதில் வயிற்றுப் பக்கம் வைரம் (மரத்தின் கெட்டியான உள்பகுதி), முதுகில் வெளிமரம். அந்த வைரம் நசுங்கலைத் தாங்கும், அதனால்தான் குறுகலாகவும் தடிப்பாகவும் செய்தார்கள். அதே உருண்டை வயிற்றை எல்மில் கொண்டுவந்தால், நடுமுகட்டில் இருக்கும் கொஞ்ச நார் மட்டும் முழுச் சுமையையும் வாங்குகிறது. எல்மை எப்படிச் செதுக்குவது என்பதற்கு உங்கள் நாட்டிலேயே ஹோல்மகார்ட் வில் இருக்கிறது. சுமார் 9000 ஆண்டுப் பழசு, எல்ம், அகலத் தட்டை.

ஒரு கேள்வி: மரத்தின் ஈரம் எவ்வளவு?

கேட்டவர்:
நன்றி அண்ணா. மீட்டரில் 14 சதவீதம். வெளிக் கொட்டகையில்தான் வைத்திருந்தேன்.

பதில் 2:
அப்போ பாதி விஷயம் அங்கேயே இருக்கிறது. 14 சதவீதத்தில் மரம் நார்நாராக நசுங்கும். சுமார் 9 சதவீதத்துக்கு வரவேண்டும். கொட்டகையில் எத்தனை வருடம் வைத்தாலும் அந்த ஊர்க் காற்றில் அவ்வளவு இறங்காது. ஹீட்டர் போடும் அறைக்குக் கொண்டுவந்து, எடை குறைவது நிற்கும்வரை அவ்வப்போது நிறுத்துப் பாருங்கள். ஹீட்டர் மேலேயே சாய்த்து வைத்துவிடாதீர்கள், வெடிக்கும்.

இந்த வில்லில் 110 கனவை விடுங்கள். காய்ந்த பிறகு வயிற்றைத் தட்டையாக்குங்கள். கோடு இருக்கும் இடத்தில் ஒரு சீவல்கூட எடுக்காதீர்கள். அதற்கு மேலும் கீழும், வளையாமல் விறைத்து நிற்கும் பகுதிகளில் ஸ்கிரேப்பரால் (சுரண்டும் தகடு) எடுத்தால் வளைவு அங்கே நகரும், நசுங்கிய இடத்துக்கு ஓய்வு கிடைக்கும். 65, 70 பவுண்டில் நிறுத்தினால் ஓரளவு பிழைக்கும். கோடு ஆழமாகிக்கொண்டே போனால் இழுக்கவே வேண்டாம்.

கேட்டவர்:
சரி. அடுத்த தண்டில் 110 முடியுமா? எவ்வளவு அகலம் விடட்டும்?

பதில் 3:
தாராளமாக முடியும். நடுப்பகுதியில் 45 மி.மீ. அகலம் விடுங்கள், நுனியை மட்டும் ஒடுக்குங்கள். அகலம் இரண்டு மடங்கானால் பலமும் இரண்டு மடங்குதான், ஆனால் தடிப்பு இரண்டு மடங்கானால் எட்டு மடங்கு. 30 மி.மீ. தடிப்பில் ஒரு மில்லிமீட்டர் எடுத்தாலே பத்தில் ஒரு பங்கு பவுண்டு போய்விடும், அதனால் கடைசியில் அரத்தைத் தொடாதீர்கள், ஸ்கிரேப்பர் போதும். டில்லரிங்கில் எந்த நீளத்துக்கு இழுத்தாலும் 110ஐத் தாண்டி இழுக்காதீர்கள்.

எல்மில் முதுகுக்காக ஆண்டு வளையம் தேடிச் செதுக்க வேண்டியதில்லை, பட்டையை உரித்தால் தெரியும் மேற்பரப்பே முதுகு. ஆனால் எல்ம் நோயில் பட்டுப்போன மரம் என்றால் உரித்ததும் உற்றுப் பாருங்கள். பட்டைவண்டு அரித்த தடம் மரத்திலும் பதிந்திருந்தால் அந்தத் தண்டு விறகுக்குத்தான்.