டான் குயிக்ஸாட் படத்தை மக்கில் அச்சிட உதவி தேவை

ஓய்வுபெறும் மாமாவுக்குப் பரிசாக, பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தோரே 1863-இல் டான் குயிக்ஸாட் நாவலுக்கு வரைந்த படம் ஒன்றை காப்பி மக்கில் அச்சிட நினைத்தேன். நாற்காலியில் வாளை உயர்த்தியபடி வீரக்கதை படிப்பவரைச் சுற்றி அரக்கர்களும் குதிரைவீரர்களும் மொய்ப்பார்களே, அதுதான். (மாமாவும் படிக்க உட்கார்ந்தால் அப்படித்தான்.) தோரே 1883-இலேயே இறந்துவிட்டார், காப்புரிமைத் தொல்லை இல்லை.

சிக்கல் வேறு. மர அச்சுக்குச் செதுக்கிய மயிரிழைக் கோடுகள், சோதனைக்கு அச்சிட்ட மக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, முகமே கரி பூசியது போல வந்திருக்கிறது. கோட்டைத் தடிமனாக்கலாம் என்கிறார் கடைக்காரர். அப்புறம் அது தோரே படமா? புத்தகத்திலிருந்து 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்திருந்தேன். 600-க்குப் போனால் சரியாகுமா, இல்லை முகத்தையும் வாளையும் மட்டும் வெட்டிப் பெரிதாக்கவா? சப்ளிமேஷன் அச்சு (சூட்டால் மையை மக்கில் பதிப்பது) தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.