மாவு புளிக்கவே மாட்டேங்குது, இதுல மாமனாரை கரடின்னு வேற கத்தித் தொலைச்சுட்டேன்

பரமக்குடி_பொண்ணு:
சொந்த ஊர் பரமக்குடிங்க, கட்டிக்குடுத்தது ஊட்டி தலைகுந்தா பக்கம், கேரட் போடுற குடும்பம். எங்கூர்ல ராத்திரி மாவாட்டி வெச்சா காலைல மூடியைத் தள்ளிட்டு பொங்கி நிக்கும், இங்க மூணு நாளானாலும் ஆட்டுன மாதிரியே உக்காந்திருக்கு. இப்ப காலைல ஒரு டிகிரி ரெண்டு டிகிரின்னு வேற சொல்றாங்க, ஸ்கூட்டி சீட்டுல உப்பு கொட்டுன மாதிரி பனி.

சரி போர்த்தி வெச்சா புளிக்கும்னு யாரோ சொன்னாங்கன்னு மாமாவோட கருப்பு கம்பளியை எடுத்து மாவுச் சட்டியை நல்லா சுத்தி வெந்நீர் பாய்லர் பக்கத்துல வெச்சுட்டுப் படுத்துட்டேன். அவரு விடியக்காலம் நாலரைக்கு தோட்டத்துக்குப் போக கம்பளியைத் தேடிருக்காரு, கரண்ட் வேற இல்ல, கைக்கு கம்பளி பட்டதும் வெடுக்குன்னு இழுத்துருக்காரு, சட்டி உருண்டு மாவு பூரா தரையில. அத்தைக்குத் தெரிஞ்சா தொலைஞ்சோம்னு மனுஷன் கம்பளியைத் தலையோட போத்திக்கிட்டு இருட்டுல குத்தவெச்சு சத்தமில்லாம தரையைத் தொடச்சிட்டு இருந்தாரு.

நான் தண்ணி குடிக்க எந்திரிச்சு வந்தேன். கருப்பா, புசுபுசுன்னு, தரையில எதையோ நக்குற மாதிரி ஒண்ணு. போன வாரம்தான் பக்கத்து ஊர் கோயில்ல கரடி புகுந்து விளக்கெண்ணெய குடிச்சிட்டுப் போயிருக்கு, அந்தப் பயம் வேற. "அய்யோ கரடி"ன்னு போட்டேன் பாருங்க ஒரு சத்தம், கொழுந்தன் தட்டைத் தட்ட, எதிர் வீட்டுக்காரங்க தீபாவளிக்கு மிச்சம் வெச்ச சரத்தைக் கொளுத்த, "நான்தான்மா, நான்தான்மா"ன்னு அவர் சொன்னது ஒருத்தர் காதுலயும் விழல.

ஊருக்குள்ள இப்ப அவருக்கு கரடி மாமான்னே பேரு. என் மூஞ்சியைப் பாத்தாலே சிரிச்சிட்டுப் போயிடறாரு, அத்தைதான் பேச மாட்டேங்கறாங்க, ரெண்டு படி மாவு போச்சேன்னு. மாவு புளிக்க வழி சொல்லுங்க ப்ளீஸ்.

பூம்பாறைக்காரன்:
ஹாஹா சிஸ்டர், டீ மூக்கு வழியா வந்துருச்சு. நாங்க கொடைக்கானல் மேல்மலை, பூண்டு காடு. எங்க வீட்ல அம்மா பண்றது என்னன்னா உளுந்து ஒரு கைப்பிடி கூட, வெந்தயம் ஒரு ஸ்பூன் கூட, அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணி, உப்பு போட்டு கையாலதான் கரைக்கணும். அப்புறம் பெரிய அண்டாவுல கை பொறுக்குற சூட்டுல வெந்நீர் ஊத்தி அதுக்குள்ள சட்டியை வெச்சு மூடிடுவாங்க, படுக்கப் போறப்ப தண்ணியை ஒரு தடவ மாத்தினா காலைல ஓரளவுக்கு எழும்பிடும். பரமக்குடி மாதிரி பொங்கும்னு மட்டும் எதிர்பாக்காதீங்க.

உங்க மாமாவை விடுங்க, எங்கப்பா கதை கேளுங்க. கல்யாணத்துக்குப் போகணும்னு சாயங்காலம் வேட்டியத் துவைச்சு வெளிய கொடியில போட்டாரு. காலைல போய் எடுத்தா அப்பளம் மாதிரி வெறச்சு நிக்குது, மடிக்கப் போனா மடியல. அப்படியே கதவு மாதிரி தூக்கிட்டு வந்து அடுப்பு பக்கத்துல சாத்தி வெச்சாரு. வெயில் வந்து வேட்டி இளகறதுக்குள்ள முகூர்த்தம் முடிஞ்சிருச்சு, பந்திக்குத்தான் போனோம்.

கோபி_மாப்ள:
ஏனுங்க, நாங்க கீழ கோபிச்செட்டிபாளையத்துல 18 டிகிரிக்கே குல்லா மப்ளர்னு சுத்திட்டு இருக்கோம், உங்களுக்கெல்லாம் கோயில் கட்டணுமுங்க. இங்க ஒரே பிரச்சனை தேங்காயெண்ணெய்தான், அது 24 டிகிரிக்குக் கீழ போனாலே உறைஞ்சுக்குமுங்க. மார்கழி பூரா எங்க அம்மிச்சி பாட்டிலை வெயில்ல வெச்சு வெச்சு எடுக்கும். ஒருநா வெயில் இல்லைன்னு நம்ம பையன் அறிவாளித்தனமா பிளாஸ்டிக் பாட்டிலோட கொண்டுபோய் அடுப்பு மேல வெச்சுட்டான். எண்ணெய்க்கு முன்னாடி பாட்டில் உருகிருச்சு.

ஒரு டவுட்டுங்க, மேகம் இல்லாத ராத்திரிதான் பனி ஜாஸ்தியாமே? மேகம் இருந்தாத்தானே குளிரோணும்?

கேரட்காட்டு_ராசா:
மாப்ள, மேகம் போர்வை மாதிரிப்பா. பகல்ல மண்ணு வாங்குன சூடு ராத்திரி மேல போகும், மேகம் இருந்தா தடுத்து திருப்பி அனுப்பும், வானம் சுத்தமா இருந்தா மொத்தமும் போயிடும். காத்தும் இல்லைன்னா குளிர்ந்த காத்து பள்ளத்துல இறங்கி தேங்கிடும், அதான் மேட்டுல இருக்கவன் தோட்டம் தப்பிக்கும், பள்ளத்துல இருக்கவன் தேயிலை கருகும். எங்களுக்கு முதல்ல நீர்ப்பனி, அப்புறம்தான் உறைபனி. சூரியன் வர்றதுக்கு முன்னாடி ஸ்ப்ரிங்ளர் போட்டு இலைல இருக்க பனியைக் கழுவி விடணும், லேட்டானா செடி போச்சு. போன வருஷம் நாலு மணிக்கு இருட்டுல வால்வு திறக்கப் போய் தம்பி வழுக்கி விழுந்தான், விழுந்த இடத்துக்கு நேரா ஸ்ப்ரிங்ளர், அவன் எந்திரிக்க எந்திரிக்க சுத்தி சுத்தி வந்து அடிக்குது. அன்னிக்கு எட்டு டீ, ஒரு பாக்கெட் வர்க்கி முடிச்சான்.

சிரிப்பு இருக்கட்டும், பரமக்குடி தங்கச்சி ஒண்ணு கேளு. மாவுக்காகவோ குளிருக்காகவோ கரி அள்ளிப் போட்ட சட்டிய பூட்டுன ரூமுக்குள்ள வெச்சுட்டுத் தூங்கிடாத. கரி எரியறப்ப வர்ற விஷ வாயுவுக்கு வாசனையே இருக்காது, தூக்கத்துலயே ஆள் போயிடும். டூர் வர்ற ஜனங்க இதுல செத்த செய்தி எத்தனை பாத்தாச்சு.

பரமக்குடி_பொண்ணு:
ராசா அண்ணா, கரிச்சட்டி ஐடியா அத்தைக்கு இருந்துச்சு, நீங்க சொன்னதைப் படிச்சுக் காட்டுனதும் விட்டுட்டாங்க. பூம்பாறை அண்ணா சொன்ன அண்டா வெந்நீர்தான் பண்ணேன், ரெண்டு தடவ தண்ணி மாத்தினேன், காலைல நாலு விரக்கடை ஏறியிருந்துச்சு!!! இட்லி கொஞ்சம் கல்லுதான் ஆனா இட்லி. மாமா ஏழு சாப்பிட்டாரு. அத்தை "உப்பு கம்மி"ன்னு சொன்னாங்க, பேசிட்டாங்கல்ல, அது போதும்.

இப்ப அடுத்த பிரச்சனை. மாவு ஊறுன அந்தக் கம்பளியை மூணு தடவ துவைச்சாச்சு, ஆறு நாளா காயல, புளிச்ச வாசனை அடிக்குது. மாவு புளிக்க மாட்டேங்குது, கம்பளி மட்டும் எப்படிங்க புளிக்குது? யாராச்சும் காயவைக்க வழி சொல்லுங்க, அதுவரைக்கும் மாமா என் சால்வையத்தான் போத்திட்டு தோட்டத்துக்குப் போறாரு, ரோஸ் கலர்.