மறு: ஆண்டுமீனா, ஒருபருவ மீனா?

ஐயா, வணக்கம். வற்றும் குட்டைகளில் வாழும் 'கில்லி' மீன்களுக்கு (annual killifish) தமிழ்ச்சொற்கள் தேடும் நம் உரையாடலில் நீங்கள் எழுதியவற்றை எடுத்துக்காட்டி மறுமொழி தருகிறேன்.

> 'ஆண்டுமீன்' என்றே வைத்துவிடலாமே, சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் கேட்டவுடன் ஓராண்டு வாழும் மீன் என்றுதான் தோன்றும். தென்பிரேசிலின் ரியோ கிராண்டி டோ சுல் மாநிலத்தில், பாத்தோஸ் காயலை ஒட்டிய தாழ்நிலங்களில் வாழும் ஆஸ்ட்ரோலெபியாஸ் வோல்டர்ஸ்டோர்ஃபியைப் பாருங்கள். அழிவின் விளிம்பில் நிற்கும் இனம். மழையில் குட்டை நிறைந்தால் குஞ்சு பொரிகிறது. கோடையில் குட்டை வற்றினால் பெரிய மீன் ஒன்றுகூட மிஞ்சாது. ஆயுள் சில மாதங்களே. சேற்றில் புதைந்த முட்டைகள்தாம் அடுத்த தலைமுறை. அவையும் எல்லாம் முதல் மழைக்கே பொரிந்துவிடுவதில்லை. சில அடுத்த முறைக்கென்று தங்கிவிடும். இதில் ஆண்டுக்கணக்கு எங்கே வருகிறது? பருவம்தான் கணக்கு.

நெல்லை 'ஒருபருவத் தாவரம்' என்று பள்ளிப் பாடநூலிலேயே படித்திருக்கிறோம். அந்த அடையையே எடுத்து 'ஒருபருவ மீன்' எனலாம். (பிரேசிலில் நெல் மிகுதியாக விளைவது இதே மாநிலத்தில்தான். இம்மீனின் குட்டைகள் பல வயலாகிப் போனதும் அதனால்தான்.)

'கில்லி'யைப் பற்றி. ஒலிபெயர்த்தால் நம்மவருக்குக் கிட்டிப்புள் நினைவு வரும், ஆங்கிலம் படித்தவருக்குக் கொலை நினைவு வரும். மூலம் டச்சு மொழியில் ஓடையைக் குறிக்கும் 'கில்' என்கிறார்கள். ஓடையே இல்லாத குட்டையில் வாழும் மீனுக்கு அதை மொழிபெயர்ப்பதில் பொருளில்லை. கேரளத்தார் மானத்துகண்ணி என்று அழைக்கும் நெற்றிப்புள்ளி மீனும் கில்லி வகைதான், ஆனால் ஒருபருவ மீன் அன்று. ஆகவே மீன் குழு முழுவதற்கும் 'கில்லி' அப்படியே இருக்கட்டும். வாழ்முறைக்கு மட்டும் நம் சொல்.

> முட்டை காத்திருப்பதற்குக் 'கோடையுறக்கம்' போதுமே?

போதாது. மொசாம்பிக்கில் நோத்தோபிராங்கியஸ் என்ற ஒருபருவ மீன் வாழும் குட்டைகளிலேயே நுரையீரல்மீனும் உண்டு. குட்டை காய்ந்தால் வளர்ந்த நுரையீரல்மீன் சேற்றுக்குள் சுருண்டு கிடக்கும், அதுதான் கோடையுறக்கம். நோத்தோபிராங்கியஸோ செத்துவிடும், நிற்பது முட்டைக்குள் இருக்கும் கருவின் வளர்ச்சி. அதுவும் மூன்று கட்டங்களில் நிற்கக்கூடும் என்று 1972-இல் வூர்ம்ஸ் என்ற ஆய்வாளர் விரித்து எழுதினார்: உயிரணுக்கள் சிதறிக் கிடக்கும் தொடக்கத்தில் ஒன்று, உடல் பாதி உருவான நிலையில் ஒன்று, பொரிக்கத் தயாராகிவிட்ட நிலையில் ஒன்று. 'கருவுறக்கம்' என்று முதலில் தோன்றியது. 'கருவுற' என்று பிரித்துப் படித்துவிடுவார்கள். 'கருத்துயில்' இன்னும் மோசம், 'கருத்து' முன்னால் வந்து நிற்கிறது. 'இடைத்துயில்' என்றால் முதல், இரண்டாம், மூன்றாம் இடைத்துயில் என எண்ணிடவும் வசதி.

> குட்டைக்குத் 'தற்காலிக நீர்நிலை' என்பது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

இதில்தான் எனக்கு உண்மையான மறுப்பு. 'தற்காலிக' என்றால் குறையுள்ள ஒன்று, நிரந்தரமாக்கினால் நல்லது என்ற தொனி வந்துவிடுகிறது. இந்த மீனுக்கு அதுவே எமன். வற்றுவதால்தான் அங்கே பெரிய இரைகொல்லி மீன்கள் நிலைப்பதில்லை. முட்டையும் உலர்காலத்தைக் கடந்து பொரிக்கும்படி அமைந்தது. நல்ல மனத்தோடு ஆழப்படுத்திக் கோடையிலும் தண்ணீர் நிற்கச் செய்தால் ஒருபருவ மீன் போய்விடும். கோடையில் பார்ப்பவருக்கோ அது வெறும் புல்தரை. மண் கொட்டி மேடாக்கினாலும் யாரும் கேட்பதில்லை. வற்றுவது அதன் இயல்பு என்று பெயரே சொல்லட்டும்: வினைத்தொகையாக 'வற்றுகுட்டை'. ஊறுகாய், சுடுகாடு போல நாவுக்குப் பழகிய அமைப்புதான்.

'மழைக்குட்டை' அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் அது நிறைவதை மட்டும் சொல்கிறது.

இடைத்துயிலுக்கு மேலான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன். வற்றுகுட்டையை அவ்வளவு எளிதில் விட்டுத்தர மாட்டேன்.