பிரவுன்றிக் வகித்த ‘மிலிற்றரி செக்ரட்டரி’ பதவி: தமிழில் எப்படி எழுதுவது?

உப்புவெளி வாசகி:
திருகோணமலை பிரட்றிக் கோட்டை பற்றிய பாடசாலைக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். 1815இல் கண்டியைக் கைப்பற்றிய தேசாதிபதி பிரவுன்றிக், அதற்கு முன் லண்டனில் யோர்க் கோமகனின் ‘மிலிற்றரி செக்ரட்டரி’. ‘பாதுகாப்புச் செயலாளர்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா? அவருக்கு அங்கே என்ன வேலை?

பழைய வர்த்தமானி:
மாற்றிவிடுங்கள் அக்கா. பாதுகாப்புச் செயலாளர் அமைச்சுக்குரியவர். இது ‘இராணுவச் செயலாளர்’. கோட்டைக்கு 1803இல் பெயர் வந்தது இந்த யோர்க் கோமகன் பிரட்றிக்கை வைத்துத்தான். அவர் 1795இல் பிரித்தானியத் தரைப்படைக்குத் தலைமையேற்றதும் பிரவுன்றிக் செயலாளரானார்.

எந்த அதிகாரிக்கு எந்தப் பதவி என்பதே அந்தச் செயலாளர் மேசையின் வேலை. காலாட்படையில் பதவி விலைக்குப் போன காலம். 1821 விலைப்படி என்சைன் (ஆகக் கீழ்நிலை அதிகாரி) 450 பவுண், லெப்டினன்ற் 700, கப்டன் 1,800, மேஜர் 3,200, லெப்டினன்ற் கேணல் 4,500. உயர்வுக்கு வித்தியாசத்தைக் கட்டினால் போதும். லெப்டினன்ற் கப்டனாக 1,100 பவுண். பணம் றெஜிமென்ற் முகவரிடம் போகும், கட்டளை அதிகாரியின் சிபாரிசு செயலாளரிடம் வரும். 2 ஆண்டு சேவை இல்லாதவர் கப்டனாக முடியாது, 6 ஆண்டு இல்லாதவர் மேஜராக முடியாது என்பது கோமகன் போட்ட விதி. அதற்கு முன் சிறுவர் பெயரிலும் பதவி வாங்கினார்கள்.

கொட்டியாரக்குடா:
ஒன்றைச் சேர்க்க வேண்டும். பீரங்கிப் படையிலும் பொறியியல் படையிலும் பதவி விற்பனை கிடையாது. அவை படைக்கலச் சபை (Board of Ordnance) என்ற தனி அமைப்பின் கீழ் இருந்தன, சேவை மூப்புப்படியே உயர்வு. கோட்டையின் பீரங்கி அதிகாரிகளை இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

அதிகாரி இறந்தால் அவர் கட்டிய பணம் போய்விடும், இடம் விலையில்லாமல் நிரப்பப்படும். திருகோணமலையில் காய்ச்சல் பலரைக் கொண்டுபோனது. லண்டனுக்குக் கடிதம் போய்வர மாதக்கணக்கு. அதுவரை இங்குள்ள தளபதி தற்காலிகமாக ஒருவரைப் போடுவார். லண்டன் வேறொருவரை நியமிப்பதும் உண்டு. ஒரே ஆளுக்கு இரண்டு பதவி, இரண்டு திகதி தென்பட்டால் எழுத்துப்பிழை என்று திருத்தாமல், லண்டன் வர்த்தமானித் திகதியை எடுங்கள்.

இந்த மேசையின் பலவீனம் 1809இல் வெளிப்பட்டது. கோமகனின் காதலி மேரி ஆன் கிளார்க் பணம் வாங்கிக்கொண்டு பதவிக்குச் சிபாரிசு செய்ததாக நாடாளுமன்றத்தில் விசாரணை. கோமகன் விலகினார், 1811இல் திரும்பினார். பிரவுன்றிக் 1803இலேயே வேறு பதவிக்கு மாறிவிட்டார். அவர் பெயரை இதில் இழுப்பது அநியாயம்.

உப்புவெளி வாசகி:
நன்றி. இலங்கை இராணுவத்தில் இப்பதவி இன்றும் உண்டா?

பழைய வர்த்தமானி:
உண்டு. தலைமையகத்தில் இராணுவச் செயலாளர் கிளை இருக்கிறது. அதிகாரிகளின் நியமனம், இடமாற்றம், பதவியுயர்வு எல்லாம் அங்கேதான். அதனால் உங்கள் மாணவர்களுக்கும் அதே சொல்லே பொருந்தும்.