அப்பத்தா வீட்டுப் பிள்ளைகள்

15 ஜூன் 2025, ஞாயிறு

நான், காலை 6:12
சென்ட்ரிங் வேலை இந்த வாரமும் இல்லை. மேஸ்திரி ராத்திரிதான் சொன்னார். பாப்பாவுக்கு வெள்ளிக்கிழமைக்குள் கல்லூரியில் பணம் கட்ட வேண்டும். எந்த வேலையாக இருந்தாலும் சரி, தெரிந்தால் சொல்லுங்கள்.

சின்னக்கா திருப்பூர், 6:20
எவ்வளவு வேண்டும்?

நான், 6:22
எல்லாம் சேர்த்து 6,000. கையில் 1,400 இருக்கிறது. கடைத்தெருவில் ஒருவர் 5,000 தருகிறேன் என்கிறார். ஐந்து வட்டி.

பெரியக்கா, 6:23
வாங்காதே.

பெரியக்கா, 6:26
மாதம் 250 ரூபாய் வட்டி. ஐப்பசியில் மழை விழுந்து களையெடுப்பு வந்தால்தான் உனக்குக் கை ஓடும். அதுவரை நாலு மாதம், ஆயிரம் ரூபாய் வட்டிக்கே போகும். முதல் அப்படியே நிற்கும்.

சின்னக்கா திருப்பூர், 6:31
இங்கே வந்துவிடேன் தம்பி. பனியன் கம்பெனியில் ஆள் கேட்கிறார்கள்.

நான், 6:33
போன வருடம் வந்து பார்த்தேனே அக்கா. அறை வாடகை, சாப்பாடு போக வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும் இங்கே ஆள் வேண்டும்.

அம்மா, 6:40
(குரல் பதிவு, 0:38)

பாப்பா (என் மகள்), 6:42
அப்பத்தா தன் முதியோர் பணம் 1,200 வந்திருக்கிறது, எடுத்துக்கொள் என்கிறார்.

நான், 6:43
அது மாத்திரைக் காசு அம்மா. அதைத் தொட மாட்டேன்.

வீடு (என் மனைவி), 6:45
மதினி, உரிமைத்தொகை 1,000 வந்துவிட்டது. ரேஷன் அரிசியும் இருக்கிறது, மளிகையை அதிலேயே ஓட்டிவிடுவேன். கல்லூரிப் பணம் ஒன்றுதான் இடிக்கிறது.

பெரியக்கா, 6:48
பாப்பா, கட்டணம் மட்டும் தனியாக எவ்வளவு?

பாப்பா, 6:49
2,900 அத்தை. மற்றது பை, செருப்பு, துணி.

பெரியக்கா, 6:50
அப்படியானால் இந்த வாரம் 2,900தான் வேண்டும். துணி அடுத்த மாதம் எடுக்கலாம், என் மகள் சுடிதார் இரண்டு புதிதாகவே இருக்கிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில்தானே படித்தாய்? கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப்பெண் திட்டத்துக்கு எழுதிக்கொடு. மாதம் 1,000 உன் கணக்குக்கே வரும். நான் 2,000 தருகிறேன் தம்பி. வட்டி வேண்டாம், தையில் கொடு.

நான், 6:52
உங்களுக்கு மட்டும் ஏது அக்கா இந்த மாதத்தில்?

பெரியக்கா, 7:01
கிடாக்குட்டியைப் பக்ரீத்துக்கு முன்னால் விற்றேன். 8,500. குட்டியில் பங்கு பேசி வாரத்துக்கு வாங்கி வளர்த்த ஆட்டில் என் பங்குக்கு வந்த குட்டி அது.

நமக்குப் பன்னிரண்டு மாதமும் கூலி வராது தம்பி. தை அறுப்பையும் இப்போது மெஷின் முடித்துவிடுகிறது. மாசியிலிருந்து சித்திரை வரை மிளகாய்ப் பழம் பறிப்பு, அதோடு சரி. வைகாசி, ஆனி, ஆடி மூன்றும் வெறும் மாதம். ரூபாயாக வைத்தால் என் கையில் தங்காது, யாராவது கேட்பார்கள், இல்லையென்றால் நானே எடுத்துவிடுவேன். அதனால் பறிப்புக் கூலியில் ஒரு பங்கை வற்றலாகவே கேட்டு வாங்கி மூட்டை கட்டி வைக்கிறேன். தேவைப்படும்போது இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று விற்பேன். வர்ற மாசியில் நீயும் அப்படிச் செய்.

மச்சான், 7:10
மாப்பிள்ளை, கண்மாய்க்கு மேற்கே பட்டா நிலத்தில் நாளை வேலிக்கருவை வெட்டு ஆரம்பிக்கிறது. பத்து நாள் வேலை. அப்புறம் விறகை அடுக்கி மண்ணால் மூடி எரித்துக் கரிமூட்டம் போடுவார்கள். அதற்கு இராக்காவல் வேண்டும். மேல்மண் சரிந்து ஓட்டை விழுந்தால் காற்று புகுந்து அத்தனையும் சாம்பலாகிவிடும். காவலுக்குத் தனிக்கூலி பேசு.

மச்சான், 7:12
வெட்டுக்கூலியை வாராவாரம் வாங்கிவிடு. கரி லோடு ஏறட்டும், மொத்தமாகத் தருகிறேன் என்பார்கள். நான் அப்படி விட்டு, இரண்டு மாதம் நடந்திருக்கிறேன்.

நான், 7:14
சரி மச்சான், வருகிறேன். நூறு நாள் வேலை கொடுத்தால் அதற்கும் வீட்டில் போகட்டும்.

மச்சான், 7:15
போகட்டும். இந்த வருடம் நாளுக்கு 336 ரூபாய். ஆனால் செய்த வேலையை அளவெடுத்துத்தான் கூலி போடுவார்கள், பணமும் வங்கிக்குத்தான் வரும். வெள்ளிக்கிழமைக்கு அதை நம்பாதே.

இன்னொன்று. பன்னிரண்டு வருடமாகச் சென்ட்ரிங் அடிக்கிறாய், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தாயா?

நான், 7:17
இல்லை மச்சான். ஒரு நாள் கூலி போய்விடும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

மச்சான், 7:18
பதிந்திருந்தால் பாப்பா படிப்புக்கு உதவித்தொகை கேட்கலாம். அறுபது வயதுக்குப் பிறகு ஓய்வூதியமும் உண்டு. சாரத்திலிருந்து விழுந்தால் குடும்பத்துக்கு ஏதாவது கிடைக்கும். எனக்கு அந்தப் பயம்தான்.

பாப்பா, 7:20
இணையத்திலேயே பதியலாம் மாமா. அப்பா, உங்கள் ஆதார், வங்கிப் புத்தகம், போட்டோ எடுத்து வையுங்கள். இன்றே பார்க்கிறேன்.

சின்னக்கா திருப்பூர், 7:24
பாப்பா, பையும் செருப்பும் என் செலவு. சனிக்கிழமை சம்பளம் வந்ததும் அனுப்புகிறேன்.

நான், 7:30
மச்சான், கோடாலி என்னிடம் இருக்கிறது, பிடிதான் உடைந்துவிட்டது.

மச்சான், 7:31
கொண்டு வா, சாயங்காலம் போட்டுவிடலாம். தடித்த செருப்பாகப் போட்டுக்கொள், முள் ஏறும். காலை நாலரைக்கு கண்மாய்க் கரைக்கு வந்துவிடு.