ஐப்பசி மழைக்கு முன்: வளவு வீட்டில் வயதான இருவர், இரண்டு பக்கமும் பூட்டிய வீடுகள்

(பட்டாலை, முகப்பு, மருந்துக்கட்டு, செம்மண், கலுங்கு எல்லாம் இங்கே எழுதுகிறவர்களின் புனைபெயர்கள்.)

பட்டாலை கேட்டது:

ஊர் செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம். அப்பச்சிக்கு (அப்பா) 78, ஆத்தாவுக்கு (அம்மா) 72. மூன்று கட்டு வீட்டில் இரண்டு பேர் மட்டும். நாட்டு ஓடு, நடுவில் முற்றம், பின்கட்டில் கிணறு, ஒரு எச்.பி. மோட்டார். அப்பச்சிக்கு தினமும் இன்சுலின். 2018 கஜா புயல் மாதிரி கரண்ட் நாள்கணக்கில் போனால் எப்படிச் சமாளிப்பது? ஜெனரேட்டர் வாங்கிவிடலாமா? வலமும் இடமும் பூட்டிய வீடுகள், தெருவில் டெங்கு பயமும் இருக்கிறது. புரட்டாசிக்குள் என்னென்ன செய்து முடிக்க வேண்டும்?

முகப்பு:

ஜெனரேட்டர் வேண்டாம் அண்ணே. தனியாக இருக்கிற இரண்டு வயதானவர்களுக்கு அது ஆபத்து. மழைக்கு நனையாமல் இருக்கட்டும் என்று பட்டாலையிலோ (உள்கூடம்) முற்றத்து ஓரத்திலோ வைத்து ஓட்டிவிடுவார்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். முற்றம் திறந்துதானே இருக்கிறது என்று நம்ப முடியாது. வெளியே, ஜன்னல் கதவுகளிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளித்தான் ஓட வேண்டும். இன்னொன்று, தெருக் கரண்டிலிருந்து வீட்டைப் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு பிளக்கில் சொருகினால் கரண்ட் தெருக் கம்பிக்குப் போய், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைக் கொன்றுவிடும்.

இன்வெர்ட்டர் போதும். 150 ஏ.எச். பேட்டரி ஒன்றில் கணக்குக்கு 1,800 வாட்-மணி. பேட்டரியை முழுக்கக் காலி செய்யாமல், வீணாவதையும் கழித்தால் கைக்கு வருவது சுமார் 1,000. பழைய 75 வாட் ஃபேன் ஒன்றும் 9 வாட் எல்.இ.டி. இரண்டும் 11 மணி நேரம் தாங்கும். ஃபேனை மட்டும் கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. வகையாக மாற்றினால் 20 மணிக்கு மேல். அதனால் இரண்டாவது பேட்டரிக்குச் செலவழிக்கும் முன் ஃபேனை மாற்றுங்கள்.

ஆனால் அந்த இன்வெர்ட்டர் ஒரு எச்.பி. மோட்டாரை இழுக்காது. கிளம்பும் நொடியில் மோட்டார் ஓட்டத்தில் எடுப்பதைப்போல் பல மடங்கு கரண்ட் கேட்கும். கிணற்றில் கப்பியும் புதுக் கயிறும் இருக்கட்டும். அதற்காக 78 வயதில் இறைக்கச் சொல்லக்கூடாது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே நிரப்பிவிட வேண்டும். குடிக்க, சமைக்க ஒருவருக்கு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால் இருவருக்கு 10 நாளுக்கு 80 லிட்டர்தான். உங்கள் வீட்டு அண்டாக்களில் ஒன்றே கொள்ளும். மூடி கட்டாயம். கழுவ, கக்கூசுக்கு ஊற்ற ஓட்டில் வழியும் மழைத் தண்ணீர் இருக்கவே இருக்கிறது. முதல் கால் மணி நேரத் தண்ணீரை விட்டுவிட்டு முற்றத்து மூலையில் அண்டாவை வையுங்கள். பறவை எச்சமும் பாசியும் கலந்ததால் அது குடிக்க ஆகாது.

வீட்டுக்குள் வெள்ளம் வருவது தெருவிலிருந்து இல்லை. இரண்டு ஓட்டுச் சரிவும் சேருகிற பள்ளத்தில் சருகு அடைத்தால் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகுந்து தேக்குக் கைமரத்தில் இறங்கும். முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் சலதாரை அடைத்தால் வளவு முழுக்கத் தண்ணீர். ஆளை ஏற்றி ஓட்டைத் திருப்பிப் போடுவதைப் புரட்டாசிக்குள் முடியுங்கள், ஈர ஓட்டில் கால் வைத்தால் உடையும், வழுக்கும். சலதாரையில் இரண்டு குடம் ஊற்றிப் பாருங்கள். மறுமுனையில் உடனே வரவில்லை என்றால் நடுவில் வேர் புகுந்திருக்கும்.

மருந்துக்கட்டு:

இன்சுலின் பற்றி யாரும் சொல்லவில்லை. பிரிக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். பிரித்து உபயோகிப்பது பெரும்பாலும் 25-30 டிகிரிக்குள் நான்கு வாரம் வரை கெடாது (வகைக்கு வகை மாறும், பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்). ஃப்ரிட்ஜ் நின்றால் பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல், மேலே ஈரத்துணி, காற்று வரும் நிழல். அடைமழை நாளில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் பானை அவ்வளவு குளிராது. ஆனால் அன்று வெளி வெப்பமும் குறைவு, கவலை இல்லை. மழை நின்று வெயில் அடிக்கும் நாள்களில்தான் பானை உதவும். ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்துபோன இன்சுலின் வீண். ஒரு மாத மருந்தும் ஊசியும் கையிருப்பில் இருக்கட்டும். குளுக்கோமீட்டருக்கு மாற்று பேட்டரியும், தாழ்சர்க்கரைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் சர்க்கரையும்.

வயிற்றுப்போக்கு வந்தால், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் தீர்ந்துபோயிருந்தால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் கெடுதல். இது எல்லோருக்குமான அளவு. அப்பச்சிக்கு வந்தால் இன்சுலின் அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும், சாப்பிடவில்லை என்று தானாக நிறுத்தக்கூடாது.

செம்மண்:

மழைக்குப் பிறகு கிணற்றில் ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டால் போதும். எல்லா ஊரிலும் அதுதானே செய்கிறார்கள்.

கலுங்கு:

கைப்பிடி அளவு கணக்கே இல்லை தம்பி, தூவினால் அது மேல்தண்ணீரோடு நின்றுவிடும். முதலில் கொள்ளளவு: விட்டம் × விட்டம் × தண்ணீர் ஆழம் × 0.785, எல்லாம் மீட்டரில். விட்டம் ஒன்றரை மீட்டர், தண்ணீர் ஆறு மீட்டர் என்றால் 10.6 கன மீட்டர், அதாவது 10,600 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் வீதம் சுமார் 27 கிராம். வெளித்தண்ணீர் கலந்திருந்தால் இரு மடங்கு. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விடுங்கள். தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றுங்கள். அடியில் நிற்கும் சுண்ணாம்பு கிணற்றுக்குள் போனால் தண்ணீரின் கடினத்தன்மை கூடிவிடும். தெளிவு உள்ள வாளியைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்கு அடியில் இறக்கி மேலும் கீழுமாக, பக்கவாட்டிலும் ஆட்ட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறைக்கலாம், முந்தின இரவே செய்வது நல்லது.

தண்ணீர் கலங்கல் என்றால் குளோரின் அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், தெளிந்த பிறகு போடுங்கள். கட்டி தட்டிய, வாசனை போன பவுடரில் சத்து இருக்காது. சந்தேகம் என்றால் ஊராட்சித் தொட்டி ஆபரேட்டரிடம் குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் இருக்கும். எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. அதுவும் முடியவில்லையா, நன்றாகக் கொதித்துப் புரளும் நிலையில் ஒரு நிமிடம் காய்ச்சிக் குடிக்கட்டும்.

அடுத்தது பூட்டிய வீடுகள். நம் பக்கத்தில் டெங்குவுக்கு இதுதான் மூலம், தெருச் சாக்கடை இல்லை. ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள். வருஷம் முழுக்கப் பூட்டியிருக்கும் வீட்டில் அடைத்த முற்றம், மூடி நகர்ந்த மேல்தொட்டி, கவிழ்க்காத அண்டா குண்டா, கக்கூஸ் பீங்கான், பிளஷ் டேங்க் எல்லாமே வசதி. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டி, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நார் போட்டுத் தேய்க்க வேண்டும். வாரம் ஒருநாள், மறக்காமல் இருக்க வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டாலை:

பக்கத்து வீட்டுக்காரர்கள் சிங்கப்பூரிலும் சென்னையிலும். சாவி யாரிடமும் இல்லை. என்ன செய்ய?

கலுங்கு:

தெருவுக்கு ஒரு சாவிப் பட்டியல் போடுங்கள். உரிமையாளரிடம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகச் சம்மதம் வாங்கி, முகப்புச் சாவி மட்டும் வீட்டுக் காவலாளியிடமோ உறவுக்காரரிடமோ இருக்கட்டும். உள்கட்டு, அறைகள் பூட்டியே இருக்கலாம், முற்றமும் மொட்டை மாடியும் எட்டினால் போதும். இசையாதவர்களுக்கு ஊராட்சி, பொது சுகாதாரச் சட்டப்படி நோட்டீஸ் கொடுக்கலாம். பெரும்பாலும் அதற்குள் சாவி வந்துவிடும். கக்கூஸ் பீங்கானைத் தடித்த பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரம் ஒட்டிவிடுங்கள், மேல்தொட்டியைக் காலி செய்து வால்வை மூடுங்கள். அந்தப் பூட்டிய வீட்டுக் கிணறுகளுக்கு ஊராட்சியில் கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன் கேளுங்கள்.

யாருக்காவது காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் கூடாது, ரத்தக் கசிவு வரும். காய்ச்சல் விட்ட பிறகுதான் பலருக்கு நிலை மோசமாகும். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் 108.

கண்மாய்க்கரைக்கு ஆள் போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்கால்) அடைப்பும் கலுங்கில் (மிகுதித் தண்ணீர் வழியும் இடம்) செடியும் மழைக்கு முன்பே போக வேண்டும். கரைக்கு வெளிப்பக்கம் தெளிவாகக் கசிந்தால் கண்காணிப்பு போதும். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். அந்த வாயை அடைக்கக் கூடாது, அடைத்தால் பக்கத்தில் பிய்க்கும். சுற்றி வட்டமாக மணல் மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீர் உயர விட்டு, மேலிருந்து வழிய விடுங்கள். மூட்டையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், முழுதாக நிரப்பினால் ஒன்றோடொன்று படியாமல் இடைவெளி விழும். ஆயக்கட்டு (கண்மாய் பாயும் நிலம்) 40 ஹெக்டேருக்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம், மேலே என்றால் நீர்வளத்துறை. ராத்திரியில் யாரும் எடுக்கவில்லை என்றால் கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறை 1077. அறுந்த கம்பிக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987.